மாஜி பங்காளி என்று ஒருவர் உண்டா?

நகரத்தார் வீட்டுப் பழைய பெட்டகம் எதையாவது திறந்து பார்த்தீங்கன்னா ரெண்டு வகைத் தாள் கிடைக்கும். ஒண்ணு இசைகுடிமானம். கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் சம்மதிச்சு எழுதிக்கிற பத்திரம். இன்னொண்ணு தொழில் தாள்: உண்டியல், கடன் சீட்டு, கணக்கு விவரம் கேட்டு வந்த கடிதம். (உண்டியல்னா சாமி உண்டியல் இல்ல. ஒரு ஊர்ல பணத்தைக் கட்டி இன்னொரு ஊர்ல வாங்கிக்கிற சீட்டு.) ரெண்டையும் எழுதினவர் ஒரே ஆளா இருக்கலாம். ஆனா தான் யார்னு அவர் சொல்லிக்கிற வரி ரெண்டு தாள்லயும் ஒண்ணா இருக்காது. கல்யாணத் தாள்ல ஊரும் கோவிலும் இருக்கும். தொழில் தாள்ல விலாசம் இருக்கும்.

முதல்ல கோவில். செட்டிநாட்டு நகரத்தார் எல்லாரும் ஒன்பது கோவில்களுக்குள்ள அடக்கம். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. சாமி கும்பிட யாரும் எங்கயும் போகலாம், அது வேற விஷயம். இது பிறப்பால வர்ற சேர்மானம். ஒரே கோவிலைச் சேர்ந்தவங்க பொதுவா பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் உடன்பிறந்த கோவில்கள்ங்கிறதால அந்த ரெண்டுக்குள்ளயும் பெண் கொடுத்து எடுக்கிறதில்ல. கல்யாணம் நடக்கணும்னா ரெண்டு பக்கத்துக் கோவில்ல இருந்தும் மாலை வரணும். மாலை வந்து கல்யாணம் முடிஞ்சா புது மாப்பிள்ளை ஒரு 'புள்ளி'. புள்ளி ஏறினா வரி உண்டு, கோவில் காரியத்துல பங்கும் உண்டு. பெண்ணுக்குத் தனிப் புள்ளி கிடையாது, கல்யாணத்தோட புருஷன் கோவிலுக்குப் போயிடுவா.

அடுத்து விலாசம். இது இன்னைக்குத் தபால்காரர் கேட்கிற விலாசம் இல்ல. தகப்பனார், பாட்டனார் பேர்களோட முதல் எழுத்துகளைக் கோத்து வச்ச தொழில் பேர். ஏ.வி.எம். என்று நாம சினிமாவுல பார்த்துப் பழகினது அந்த வழக்கத்துல வந்ததுதான். ஆவிச்சி செட்டியார் மகன் மெய்யப்பன், காரைக்குடிக்காரர். எம்.சி.டி.எம். இன்னொண்ணு. அந்த விலாசத்தைச் சேர்ந்த சிதம்பரம் செட்டியார்தான் 1937 பிப்ரவரியில இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஆரம்பிச்சவர். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூணு ஊர்லயும் ஒரே நாள்ல திறந்தாங்க. பர்மா நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்புகளைப் புரட்டினா வாதி பேரா, பிரதிவாதி பேரா வெறும் எழுத்து வரிசையாவே வந்துகிட்டு இருக்கும். அந்த எழுத்துக்குப் பின்னால இருக்கிறவர் மாத்தூர் கோவிலா நேமம் கோவிலான்னு நீதிபதிக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்ல.

ஒரே மனுஷர், ரெண்டு வாசகர், ரெண்டு வரி. இதை முதல்ல சொல்லிவச்சுட்டுத்தான் மேல போகணும். ஏன்னா இந்தப் பதிவு உண்மையில செட்டிநாட்டுல ஆரம்பிக்கல, அமெரிக்காவுல ஆரம்பிச்சது.

என் ஒன்றுவிட்ட ஆச்சி மகன் (எங்க பக்கம் அக்காவை ஆச்சின்னுதான் சொல்வோம்) அங்க இளநிலை படிச்சான். முதல் வருஷமே ஒரு ஃப்ரெட்டர்னிட்டியில சேர்ந்தான். அதுல பொருளாளராவும் இருந்தான். அங்க நடந்த சில விஷயம் பிடிக்காம மூணாவது வருஷம் விலகிட்டான். இப்ப முதுநிலைக்கு விண்ணப்பம் போடுறான். "அம்மான், நான் அதுல இருந்ததைப் போடலாமா, வேண்டாமா? விலகினவன்தானே, விட்டுட்டா பொய்யாகுமா?" என்று போன்ல கேட்டான். நான் வரலாறு படிக்கிறவன், விண்ணப்ப ஆலோசகன் இல்ல. ஆனா கேள்வி நல்ல கேள்வியா இருந்ததால தேடிப் பார்த்தேன். நூறு வருஷத்துக்கு முன்னாடியே இதே கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு.

ஃப்ரெட்டர்னிட்டின்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. நேர் அர்த்தம் சகோதரத்துவம். கிரேக்க எழுத்து ரெண்டு மூணைப் பேரா வச்சுக்கிட்டு, ஒரு வீடு பிடிச்சு, சேர்றதுக்குச் சடங்கு வச்சு, உள்ளே வந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் 'பிரதர்'னு கூப்பிட்டுக்கிற மாணவர் சங்கம். எழுத்து வரிசையே பேர்ங்கிறதைப் பார்த்ததும் எனக்கு விலாசம்தான் ஞாபகம் வந்தது. அண்ணன் தம்பின்னதும் பங்காளி ஞாபகம் வந்தது. நம்ம ஊர்ல ரெண்டும் வேற வேற தாள்ல இருக்கு. அவங்க ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க.

இதுல முதல் சங்கம் ஃபை பீட்டா கப்பா. 1776 டிசம்பர் 5-ல் வர்ஜீனியாவுல வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில தொடங்கினது. அப்ப அது ரகசியச் சங்கம், சேர்றவங்களுக்குச் சத்தியம், கைகுலுக்கல் எல்லாம் உண்டு. 1820-களோட கடைசியில அமெரிக்காவுல ரகசியச் சங்கங்கள் மேல, குறிப்பா ஃப்ரீமேசன்கள் மேல, பெரிய வெறுப்பு கிளம்பிச்சு. 1831-ல் ஹார்வர்டு கிளை ரகசியத்தைக் கைவிட்டது. அதுக்கப்புறம் ஃபை பீட்டா கப்பா நல்லாப் படிக்கிறவங்களுக்குத் தர்ற கௌரவமா மாறிப்போச்சு. இன்னைக்கு யாராவது விண்ணப்பத்துல அதைப் போட்டா அது பரிசு வாங்கின மாதிரி. மருமகன் இருந்தது அந்த ஜாதி இல்ல. 1820-களில் நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில கப்பா ஆல்ஃபா தொடங்கி, அதைப் பார்த்துப் பரவின சமூகச் சங்கங்கள் தனி. ரெண்டுக்கும் கிரேக்க எழுத்துதான். வெளியில இருந்து பார்க்கிற நம்மளுக்குக் குழப்பம் வர்றது நியாயம்.

இந்தச் சமூகச் சங்கங்களைக் கல்லூரி நிர்வாகங்களுக்கு ரொம்ப நாளாவே பிடிக்கல. ஆசிரியருக்குக் கட்டுப்படாம தங்களுக்குள்ள சத்தியம் பண்ணிக்கிட்ட கூட்டம் ஒண்ணு உள்ளேயே இருந்தா எந்த நிர்வாகத்துக்குப் பிடிக்கும்? இந்தியானாவுல பர்டியூ பல்கலைக்கழகத் தலைவர் எமர்சன் ஒயிட் ஒரு வழி கண்டுபிடிச்சார். சேரும்போதே கையெழுத்து வாங்கிடறது. நான் எந்த கிரேக்க எழுத்துச் சங்கத்தோடும் தொடர்பு வச்சுக்க மாட்டேன்னு எழுதிக்கொடுத்தாத்தான் இடம். ஹாலி என்கிற மாணவர் ஏற்கெனவே சிக்மா கை சங்கத்துல இருந்தார். கையெழுத்துப் போட மறுத்தார், இடம் மறுக்கப்பட்டது, வழக்குப் போட்டார். 1882-ல் இந்தியானா உச்ச நீதிமன்றம் ஒரு அழகான கோடு கிழிச்சது. உள்ளே வந்த மாணவர் படிக்கிற காலத்துல சங்கக் கூட்டத்துக்குப் போகக்கூடாதுன்னு கல்லூரி விதி போடலாம். ஆனா உறுப்பினரா இருக்கிறதையே காரணமா வச்சு வாசல்ல நிறுத்தக்கூடாது. அடுத்த வருஷம் ஒயிட் பதவியை விட்டுப் போனார்.

முப்பது வருஷம் கழிச்சு மிசிசிப்பியில இதே கதை, முடிவு மட்டும் வேற. 1912-ல் அந்த மாநிலச் சட்டமன்றம் அரசுக் கல்வி நிறுவனங்கள்ல ரகசியச் சங்கங்களைச் சட்டம் போட்டே ஒழிச்சது. வாவ் என்கிறவர் ஜாக்சன் நகர்ல இருக்கிற மில்சாப்ஸ் கல்லூரியில பட்டம் வாங்கினவர். அது மெதடிஸ்ட் சபையாரோட தனியார் கல்லூரி, அரசுச் சட்டம் அதைத் தொடாது. அங்க கப்பா சிக்மா சங்கத்துல சேர்ந்திருந்தார். பட்டம் முடிச்சுட்டு மிசிசிப்பி பல்கலைக்கழகத்துல சட்டம் படிக்க விண்ணப்பிச்சார். அங்க ஒரு உறுதிமொழி கேட்டாங்க, சங்கத் தொடர்பு வச்சுக்கிறதில்லன்னு.

இதைக் கவனிங்க. தப்பு எதுவும் நடக்கல. அவர் சேர்ந்தது இன்னொரு கல்லூரியில, அங்க அது அனுமதிச்ச விஷயம். இப்ப மேல்படிப்புக்கு வர்ற இடத்துல பழைய சேர்மானம் குறுக்க நிக்குது. எங்க சங்கம் ஒழுக்கத்தை வளர்க்கிற சங்கம்னு வாதாடினார். வழக்கு வாஷிங்டன் வரைக்கும் போச்சு. 1915-ல் நீதிபதி மெக்கென்னா எழுதின தீர்ப்பு வாவுக்கு எதிரா வந்தது. பல்கலைக்கழகத்தை உண்டாக்கினது மாநிலம், அதுல படிக்க என்ன நிபந்தனைன்னு சொல்ற அதிகாரமும் மாநிலத்துக்கு உண்டு, அந்தச் சங்கம் நல்லதா கெட்டதான்னு நாங்க ஆராய மாட்டோம் என்கிறது சாரம். அந்த மாநிலச் சட்டம் 1926-ல் ரத்தாச்சு. தீர்ப்பு மட்டும் புத்தகத்துல இருக்கு.

எனக்கு இந்த ரெண்டு தீர்ப்புல 1882-தான் பிடிச்சிருக்கு. செய்யறதை விதிக்குள்ள கொண்டுவரலாம், இருந்ததை எப்படிக் கொண்டுவர்றது? 1915 தீர்ப்பு எழுதினவங்க அந்த வித்தியாசத்தைத் தொடவே இல்லைன்னு தோணுது.

இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2016 மே மாசம் ஹார்வர்டு ஒரு அறிவிப்பு விட்டது. ஆண்கள் மட்டும் அல்லது பெண்கள் மட்டும் உள்ள, கல்லூரி அங்கீகாரம் இல்லாத சங்கங்கள்ல சேர்ற மாணவர்கள் விளையாட்டு அணித் தலைவரா வரமுடியாது. ரோட்ஸ், மார்ஷல் மாதிரி மேல்படிப்பு உதவித்தொகைக்குக் கல்லூரி தர்ற பரிந்துரையும் கிடைக்காது. அதாவது சங்கத்துல இருக்கிறதுக்கு விலை மேல்படிப்பு. வழக்குகள் வந்தது. 2020 ஜூன்ல, பாலினப் பாகுபாடு பத்தின உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒண்ணுக்கு அப்புறம், ஹார்வர்டே அந்த விதியைக் கைவிட்டது. அதுவரைக்கும் நாலு வருஷம் அங்க படிச்ச ஒரு பையன் தன் சங்கத்து பேரை எங்க எழுதலாம் எங்க எழுதக்கூடாதுன்னு கணக்குப் போட்டுத்தான் இருந்திருப்பான்.

சந்தேகம் எங்க இருந்து வருதுன்னும் சொல்லணும், இல்லேன்னா கல்லூரிகளை மட்டும் குறை சொன்ன மாதிரி ஆயிடும். சேர்ப்புச் சடங்குன்னு பேர் வச்சுப் புதுப் பையன்களைப் படுத்துற கொடுமை அங்க நீண்ட கதை. 2017-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துல பீட்டா தீட்டா பை சங்க வீட்டுல, சேர்ப்பு இரவன்னைக்கு அளவுக்கு மேல குடிக்கவச்ச 19 வயசு மாணவர் விழுந்து அடிபட்டு இறந்துபோனார். தமிழ்நாட்டுல நமக்கு இதைப் புரிய வைக்கவே வேண்டாம். 1996-ல் சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மாணவர் நாவரசு கொலைக்கு அப்புறம்தான் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அது சங்கம் இல்ல, ஆனா மூத்தவன் இளையவனை அடக்கி 'உள்ளே' சேர்த்துக்கிற அதே மனசு.

இன்னொரு காரணமும் உண்டு. யாரைச் சேர்க்கலைங்கிறது. பல சங்கங்கள் 1950-கள் வரைக்கும், சிலது அதுக்கப்புறமும், வெள்ளையர் அல்லாதவங்களுக்கு இடமில்லைன்னு விதியிலேயே எழுதி வச்சிருந்தாங்க. உள்ளே விடலைன்னதும் கறுப்பின மாணவர்கள் தங்களுக்குன்னு கட்டிக்கிட்டாங்க. 1906-ல் கார்னெல்ல ஆரம்பிச்ச ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா அப்படி வந்தது. மார்ட்டின் லூதர் கிங் 1952-ல், பாஸ்டன்ல முனைவர் பட்டத்துக்குப் படிச்சுக்கிட்டு இருந்தப்ப, அதுல சேர்ந்தார். அந்தச் சங்கத்து பேரை ஒரு விண்ணப்பத்துல பார்க்கிறவர் என்ன படிப்பார்? கப்பா சிக்மாவைப் பார்க்கிறவர் என்ன படிப்பார்? ரெண்டும் கிரேக்க எழுத்து, ரெண்டும் சகோதரத்துவம், ஆனா ஒரே வரி இல்ல.

இப்ப திரும்பச் செட்டிநாட்டுக்கு வருவோம். நம்ம ஊர்ல ஊர்-கோவில் வரி வெறும் அடையாளமா இருந்ததில்ல. அது வேலை செஞ்சது.

பர்மா, மலேயா, இலங்கைன்னு போன கடைகளை நினைச்சுப் பாருங்க. 1930 வாக்குல பர்மாவுல மட்டும் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததா அந்த ஊர் வங்கி விசாரணைக் குழு கணக்கு சொல்லுது. முதலாளி பாதிப் பேர் ஊர்லயே இருப்பார். அங்க கிட்டங்கியில உட்கார்ந்து கடன் கொடுத்து வாங்கிறது மேலாள், அதாவது ஏஜெண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள். கடைசியில பெட்டியடிப் பையன், பத்துப் பன்னிரண்டு வயசுல போய்க் கணக்கெழுதப் பழகறவன். மேலாளுக்குச் சம்பளச்சீட்டு மூணு வருஷத்துக்கு. இவ்வளவு சம்பளம், இன்ன தேதியில இருந்துன்னு எழுதி, பவர் பத்திரமும் கொடுத்துக் கப்பல் ஏத்திவிடுவாங்க. ஆயிரம் மைல் தாண்டி ஒருத்தர் கையில லட்சக்கணக்குல பணம். மாசம் மாசம் கணக்கு வரும், ஆனா போய்ப் பார்க்க முடியாது.

எந்த நம்பிக்கையில? ஆள் யார்னு கேட்டா ஊரைச் சொல்வாங்க, கோவிலைச் சொல்வாங்க, வீட்டுப் பேரைச் சொல்வாங்க. அந்த மூணு சொல்லை வச்சுக்கிட்டு ஒரு முதலாளி ஒரே மத்தியானத்துல அந்த ஆளோட பெரியப்பச்சி கடன் கட்டினாரா இல்லையாங்கிற வரைக்கும் விசாரிச்சுட முடியும். நாளைக்குத் தப்புப் பண்ணினா ஓடி ஒளிய இடம் கிடையாது. மகளுக்கு வரன் பார்க்கிறப்ப அந்தப் பேச்சு வந்து நிக்கும். நான் படிச்சுப் புரிஞ்சுகிட்ட வரை, அந்த வரி 'இவன் நல்லவன்'னு சொல்லல. இவனைப் பத்தி யாரைக் கேட்கணும்னு சொல்லுது. மூணு வருஷச் சம்பளச்சீட்டை முடிச்சு, கணக்கை ஒப்படைச்சு, அடுத்த கடையில போய் நிக்கிறவனுக்கு முதல் கடையோட விலாசமும் அந்த மாதிரித்தான். எங்க இருந்தே, எதுவரைக்கும் இருந்தே, கணக்கு நேர் பண்ணிட்டு வந்தியா. மூணாவது கேள்விதான் முக்கியம்.

சரி, இதுக்கு இன்னொரு பக்கம் இல்லையா? இருக்கு. இந்த வரி இல்லாதவனுக்கு அந்த வாசல் கிட்டத்தட்டக் கிடையாது. பெட்டியடியில இருந்து மேலாள் வரைக்கும் போற ஏணி நகரத்தார் பையனுக்குன்னு வச்சது. கிட்டங்கிச் சமையலாளுக்கு எவ்வளவு கணக்கு தெரிஞ்சாலும் ஏணி அவருக்கு இல்ல. வெளியில கல்யாணம் பண்ணிக்கிட்ட பையனுக்குக் கோவில் மாலை வராது, புள்ளி ஏறாது. ஆச்சிமார் பர்மா பணம் வந்த வீட்டைக் கட்டி ஆண்டாங்க, ஆனா புள்ளிக் கணக்குல அவங்க பேர் வராது. நம்ம பெருமைகளை எழுதுறப்ப இதையும் சேர்த்தே எழுதணும்னு நினைக்கிறேன். அமெரிக்காக்காரன் விதியில எழுதி வச்சான், நாம எழுதாமலே வச்சிருந்தோம்.

அதனாலதான் 1917-ல் காரைக்குடியில தொடங்கின இந்து மதாபிமான சங்கம் எனக்கு முக்கியமாப் படுது. ராய. சொக்கலிங்கம், சொ. முருகப்பா மாதிரி இளைஞர்கள் அதுல இருந்தாங்க. புத்தகம் சேர்த்தாங்க, கூட்டம் போட்டாங்க, சமூகச் சீர்திருத்தம் பேசினாங்க. 1919-ல் பாரதியார் வந்து அந்தச் சங்கத்தைப் பாடிட்டுப் போனார், அப்ப எடுத்த போட்டோதான் நாம அடிக்கடி பார்க்கிற பாரதி படங்கள்ல ஒண்ணு. இங்க நான் சொல்ல வர்றது வேற. கோவில்ல பிறந்து சேர்றோம், சங்கத்துல விரும்பிச் சேர்றோம். விரும்பிச் சேர்ந்ததுல இருந்து விலகவும் முடியும். மாஜி எம்.எல்.ஏ. உண்டு, மாஜி பொருளாளர் உண்டு. மாஜி பங்காளி கிடையாது. சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாம இருந்தாலும் பங்காளி பங்காளிதான், சாவுக்குத் தீட்டு உண்டு. ஃப்ரெட்டர்னிட்டி என்ன பண்ணுதுன்னா, விரும்பிச் சேர்ற சங்கத்துக்குப் பிறந்து சேர்ற உறவோட பேரைக் கொடுக்குது. வாழ்நாள் முழுக்க பிரதர்னு சொல்லுது. மருமகனோட குழப்பமே அதுல இருந்துதான் வந்தது. விலகினவன் எழுதலாமான்னு அவன் கேட்டது, தான் விலகிட்டோமாங்கிறதே அவனுக்குத் தெளிவா இல்லாததாலதான்.

பழைய சேர்மானத்தைத் தோண்டறது நம்ம நாட்டுலயும் நடந்ததுதான். மத்தியப் பிரதேசத்துல ஒரு ஆசிரியர். நகராட்சிப் பள்ளியை அரசு எடுத்துக்கிட்டப்ப அவரும் அரசு வேலைக்கு வந்தார். போலீஸ் அறிக்கையில அவர் முன்னாடி ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்கம் நடவடிக்கைகள்ல கலந்துகிட்டவர்னு வந்தது, வேலை போச்சு. 1983-ல் ராமசங்கர் ரகுவன்ஷி வழக்குல உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி அதை ஏத்துக்கல. வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒருத்தர் எந்த அரசியல்ல இருந்தார்ங்கிறதை வச்சு வேலையைப் பறிக்கிறது நம்ம அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாதுன்னு எழுதினார். அமெரிக்காவுல கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த மெக்கார்த்தி காலத்தையும் அந்தத் தீர்ப்பு நினைவுபடுத்துது. அந்த நீதிபதியோட சாய்வு இடதுசாரிப் பக்கம்னு எல்லாருக்கும் தெரியும், வழக்குல இருந்தவர் எதிர்ப்பக்கம். அதனாலயே அந்தத் தீர்ப்பு மேல எனக்கு மரியாதை கூடுதல்.

மருமகனுக்கு என்ன சொன்னேன்? இசைகுடிமானம், உண்டியல் கதையைத்தான் சொன்னேன். உன் விண்ணப்பத்தைப் படிக்கப்போற பேராசிரியருக்கு அந்த மூணு எழுத்து என்ன சொல்லும்? அவரும் அதே சங்கத்துல இருந்தவர்னா ஒண்ணு சொல்லும், அவர் மாணவர் யாராவது அந்த மாதிரி வீட்டுல அடிபட்டிருந்தா இன்னொண்ணு சொல்லும், வெளிநாட்டுல இருந்து வந்தவர்னா ஒண்ணுமே சொல்லாது. யாரைக் கேட்கணும்னு சொல்லாத வரிக்கு உபயோகம் கம்மி. ஆனா நீ பார்த்த வேலை எல்லாருக்கும் புரியும். ரெண்டு வருஷம் பொருளாளர், இத்தனை பேரோட சந்தா, வீட்டு வாடகை, வருஷக் கணக்கை நேர் பண்ணி அடுத்தவன் கையில கொடுத்தது. அது சம்பளச்சீட்டு மாதிரி. எப்ப இருந்து எப்ப வரைக்கும்னு போடு. சங்கப் பேரை மறைக்காதே, பெரிய எழுத்துலயும் போடாதே.

"ஏன் விலகினேன்னு கேட்டா?"

"கேட்டா நடந்ததைச் சொல்லு. அதுல உனக்கு வெட்கப்பட ஒண்ணும் இல்லையே."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், நடந்த அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன் அம்மான், தடுக்கல, அடுத்த மாசம்தான் விலகினேன்னான். அதுக்கு நான் பதில் சொல்லல. அது விண்ணப்பத்துல எங்க போகும்னும் எனக்குத் தெரியல. பொருளாளர் வரியைப் போட்டுட்டான்னு அப்புறம் ஆச்சி சொன்னா.

ஒரு எச்சரிக்கை. கல்லூரி விண்ணப்பத்துல விடறது உங்க இஷ்டம். அங்க கேட்காத வரைக்கும் எதைப் போடலாம் எதை விடலாம்ங்கிறது தேர்வுதான், பொய் இல்ல. விசா விண்ணப்பம் அப்படி இல்ல. அமெரிக்காவோட டி.எஸ்.-160 படிவத்துல தொழில், சமூக, தரும அமைப்பு எதுலயாவது உறுப்பினரா இருந்தீங்களா, நன்கொடை கொடுத்தீங்களா, வேலை பார்த்தீங்களான்னு நேரடியாவே ஒரு கேள்வி இருக்கு. 'இருந்தீங்களா'ன்னு கேட்கிறதால பழசும் அடக்கம். அங்க விட்டுட்டா அது தேர்வு இல்ல, தப்பான பதில். ரோட்டராக்ட்டோ ரசிகர் மன்றமோ, இருந்திருந்தா எழுதிடுங்க.

அதே படிவத்துல இன்னொரு கேள்வியும் இருக்கு. நீங்க ஏதாவது குலத்தையோ பழங்குடியையோ சேர்ந்தவரா? நம்ம ஊர்ப் பசங்க பெரும்பாலும் இல்லைன்னு போட்டுட்டுப் போயிடறாங்க. கேட்கிறவர் மனசுல இருக்கிறது வேற நாட்டு நிலைமைன்னு நினைச்சுக்கிறாங்க, அது சரியாவும் இருக்கலாம். ஆனா அதே பையனுக்கு அடுத்த வருஷம் காரைக்குடியில ஜாதகத்தோட போற தாள்ல முதல் மூணு வரி ஊர், கோவில், பிரிவு. எம்.எஸ். பட்டம் அஞ்சாவது வரியிலதான் வரும். பொருளாளரா இருந்ததுக்கு அந்தத் தாள்ல கட்டமே கிடையாது.